மூடி சார்

அவர் சட்டைப் பையில் கையை விட்டால் பேனாவுக்கு முன்னால் மூடிதான் வரும். சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கறுப்பு ரப்பர் மூடிகள், நடுவில் ஒன்றிரண்டு நீலம். ஸ்கூட்டரிலிருந்து இறங்கும்போது, கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால் குனியும்போது என்று அது பாட்டுக்கு ஒன்று கீழே விழும். விழுந்தது தெரிந்துவிட்டால் போச்சு, தேடி எடுக்காமல் அடுத்த அடி வைக்க மாட்டார். சரக்கு ஏற்றி அனுப்பும் எங்கள் டிஸ்பாட்ச் ஷெட்டில் அவருக்கு மூடி சார் என்று பெயர். வைத்தது நான்தான் என்று சொல்வார்கள். இருக்கலாம். எனக்கு அப்போதே வாய் கொஞ்சம் நீளம், இப்போதும் குறைந்தபாடில்லை.

கல்யாணமாகி கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தவள் நான். வந்த கொஞ்ச நாளிலேயே தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கி வண்டிப் பாகம் வார்க்கிற அந்த ஃபேக்டரியில் பில் போடும் வேலை கிடைத்தது. இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் இருக்கும். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை, அவருடைய கம்ப்யூட்டர் ரூம் முன்வாசல் ஆபீசில். என் ஷெட் பின்மதில் ஓரத்தில். நடுவில் லாரி எடை போடும் எடைமேடையும் அதற்கொரு சின்ன கேபினும். சாதாரண ஒயரில் கம்ப்யூட்டர் பேச்சு நூறு மீட்டருக்கு மேல் போகாதாம், நடுவழியில் மூச்சு வாங்கி நின்றுவிடுமாம். அதனால் மண்ணுக்கடியில் கண்ணாடி இழை பதித்து, பேச்சை வெளிச்சமாக்கி அனுப்பினார்கள். அந்த இழை கேபின் வழியாக வந்து என் ஷெட்டில் முடியும்.

இழை முடிகிற ஒவ்வொரு இடத்திலும் விரல் நீளத்துக்கு ஒரு தகரத் துண்டு இருக்கும். மாட்யூல் என்போம். மின்சாரத்தை வெளிச்சமாக்குவதும், வருகிற வெளிச்சத்தைத் திரும்ப மின்சாரமாக்குவதும் அதுதான். அதன் முகத்தில் இரண்டு ஓட்டை. ஒன்று வாய், இன்னொன்று காது என்று அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். உள்ளே பார்த்துவிடாதீர்கள், அது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்றும் சொன்னார். இழையைக் கழற்றிய அடுத்த நொடி அந்த ஓட்டைகளை மூடிவிட வேண்டும். அதற்குத்தான் அந்த ரப்பர் மூடி.

"தெறந்து கெடந்தா தூசி போவும் மேடம். தூசி போனா வெளிச்சம் நின்னுடும்."

இதை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. பாலக்கோடு பக்கத்துக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார், ஒவ்வொரு முறையும் அன்றைக்குத்தான் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. இரும்புத்தூள் பறக்கிற இடம் அது. சாயங்காலம் முகம் கழுவினால் தண்ணீர் கறுப்பாகப் போகும். நூல் அளவு ஓட்டைக்குள் அந்தத் தூள் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். லைன் இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு அணையும், பில் வராது, லாரிக்காரர்கள் என் ஜன்னலில் வந்து கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் என்னைத் திட்டுவார்கள்.

ஆனால் அவர் மாட்யூலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. திறந்து கிடக்கிற எதையும் அவரால் பார்க்க முடியாது. ஸ்டாம்ப் பேடை மூடுவார். என் பேனாவை, நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே மூடியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். பாதி சாப்பிட்ட டிபன் பாக்ஸை நான் கை கழுவப் போய் வருவதற்குள் மூடி, கிளிப்பும் போட்டுவைத்திருப்பார். ஆயுத பூஜை அன்றைக்குக் குங்குமச் சிமிழைப் பாதிப் பேர் எடுப்பதற்கு முன்னாலேயே மூடிவிட்டார். பூஜை செய்த ஃபோர்மன் அவரை முறைத்த முறைப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒருமுறை பெங்களூரிலிருந்து ஒரு என்ஜினியர் வந்தான். புது மாட்யூல் ஒன்றை என் மேசைமேல் வைத்துவிட்டு, பக்கத்தில் டீயையும் வைத்துக்கொண்டு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். இவர் பேசாமல் வந்து அதற்கு மூடி போட்டார். அவன் விளையாட்டுக்காக எடுத்துவிட்டான். இவர் மறுபடி போட்டார். அவன் மறுபடி எடுத்தான். இதற்கு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும் என்று அவன் இங்கிலீஷில் சொன்னது இவருக்கும் கேட்டது. கோபப்படவில்லை. அவன் காரில் ஏறிக் கதவைச் சரியாகச் சாத்தாமல் உட்கார்ந்தபோது, இவர் போய் அந்தக் கதவைத் திறந்து ஒழுங்காகச் சாத்திவிட்டு வந்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரிக்க முடியாத ஒன்றும் அவரிடம் இருந்தது. வாய்ச்சண்டை, புகார், கேள்வி, எதுவும் திறந்து கிடக்கக் கூடாது அவருக்கு. ஒரு நாள் கேன்டீன் சாம்பாரில் கரப்பான் பூச்சி மிதந்தது. அண்டாவோடு தூக்கிக்கொண்டு மேனேஜர் ரூமுக்குப் போகலாம் என்று எல்லோரும் எழுந்துவிட்டோம். இவர் வந்து ஒரு தட்டை எடுத்து அண்டாவை மூடினார். விடுங்க, மூடுங்க அத, என்றார். எனக்கு வந்ததே கோபம். தூசி உள்ளே போகாமல் மூடுவது சரி, உள்ளே கிடக்கிற கரப்பானையும் சேர்த்து மூடினால் எப்படி சார் என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். வெளியே வந்தால் எல்லோருக்கும் கஷ்டம் மேடம் என்று மட்டும் சொன்னார். கூட்டம் கலைந்துவிட்டது. அந்த மனிதரிடம் பிறகு கொஞ்ச நாள் நான் பேசவே இல்லை.

பேச்சு திரும்ப வந்தது அவர் பையனின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டபோது. பாகலூர் ரோட்டில் வாடகை வீடு. வெயில் காலம், எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. தண்ணீர்க் குடத்துக்குத் தட்டு, தட்டுக்கு மேல் துணி, துணிக்கு மேல் டம்ளர், அந்த டம்ளரும் கவிழ்த்து வைத்திருந்தது. அவர் மனைவி என்னைச் சமையலறைக்குள் கூட்டிப்போய், வடை சுடும்போதுகூட எண்ணெய்ச் சட்டியை மூடச் சொல்கிறார் மேடம், எனக்கு மூச்சு முட்டுது என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவரைக் கேலி செய்யாமல் இருந்தவள் எங்கள் ஃபேக்டரியில் ஒருத்திதான். மாதக்கா. கான்ட்ராக்ட்டில் கூட்டிப் பெருக்க வருகிறவள். சானமாவுப் பக்கம் வீடு. காட்டில் யானை இறங்கியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, மெயின் ரோடு வரைக்கும் இருட்டோடு நடந்து வந்து பஸ் பிடிப்பாள். ஒரு நாள் லேட்டாக வந்ததற்கு சூப்பர்வைசர் திட்டினான். ஆனை போற வரைக்கும் நின்னுட்டு வந்தேன், உனக்கு அவசரம்னா நீ போய் அதுகிட்ட வழி கேளு என்று அவனிடமே சொன்னவள் அவள். அந்தத் தெம்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்கு அவளோடு ஒட்டுதல் உண்டு. அவள் மகள் வயசுக்கு வந்த சடங்குக்கு அந்த ஊருக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

குப்பையோடு குப்பையாக அந்த ரப்பர் மூடிகள் அவள் கண்ணில் படும். வேறு யாராவது என்றால் அப்படியே வாரிக் கொட்டிவிடுவார்கள். அவள் பொறுக்கி, முந்தானையில் துடைத்து, அவர் வருகிற வரைக்கும் வைத்திருந்து கொடுப்பாள்.

"வெச்சுக்குங்க சார். தொலஞ்சிடப் போவுது."

அவர் முகம் மலர்வதை நான் பார்த்தது அந்த நேரங்களில்தான். மூடி கிடைத்த சந்தோஷமா, ஒருத்தியாவது அதை மதித்தாள் என்ற சந்தோஷமா, தெரியவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்.

எங்கள் எல்லோருக்கும் புது யூனிஃபார்ம் கொடுத்த வாரம் அது. வெளிநாட்டிலிருந்து யாரோ பார்க்க வருகிறார்கள் என்று சட்டையை மாற்றி டி-ஷர்ட் கொடுத்தார்கள். பை இல்லாத டி-ஷர்ட். பேனாவை எங்கே வைப்பது என்று நான் ஒரு பாட்டம் சத்தம் போட்டேன். அவர் கை மட்டும் அடிக்கடி நெஞ்சுக்குப் போய்ப் போய்த் திரும்பியது.

மத்தியானம் மழை தூறிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு அணைந்துவிட்டது. பில் இல்லாமல் லாரிகள் கேட் வரை வரிசை கட்டின. நான் போன் போட்டேன், மறுபடி போட்டேன். நான் அவசரப்படுத்தியதால்தான் எல்லாம் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அதெல்லாம் வேண்டாம். விளக்கு அணைந்தால் கூப்பிடுவது என் வேலை, வருவது அவர் வேலை.

நடந்ததை எடைமேடை ஆபரேட்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேபின் வாசலை ஒட்டி ஆளுயரத்துக்கு ஒரு கேபிள் குழி. அதற்கு மூடி என்று சொன்னால், ரெண்டு பேர் கடப்பாரை போட்டு நெம்பித் தூக்குகிற சிமெண்ட் பலகை. குழியில் தண்ணீர் இறங்கி இழை கெட்டதோ என்று சந்தேகப்பட்டு, இவரும் கேபிள்காரர் ஒருவரும் பலகையைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். இழை நன்றாகத்தான் இருந்தது. கேபிள்காரர் டீ குடிக்கப் போய்விட்டார். இவர் கேபினுக்குள் போய் மாட்யூலைக் கழற்றி, கையோடு கொண்டுவந்த புதியதைப் போட்டார். விளக்கு எரிந்தது. என் ஷெட்டிலும் எரிந்தது, நான் பில் அடிக்க ஆரம்பித்தேன். வேலை முடிந்தது.

முடிந்திருக்க வேண்டும். புதிய மாட்யூலில் இருந்த மூடியை எடுத்துப் பழையதற்குப் போடுவதுதான் வழக்கம். அன்றைக்கு ஈரக் கையிலிருந்து அந்த மூடி நழுவி, வாசலில் உருண்டு, குழித் தண்ணீரில் விழுந்துவிட்டது. இவர் கை நெஞ்சுக்குப் போனது. அங்கே பை இல்லை. பையும் மூடிகளும் கம்ப்யூட்டர் ரூமில், ஆணியில் மாட்டிய பழைய சட்டையில் இருந்தன. ஒரு டேப் ஒட்டியிருக்கலாம். பசை உள்ளே இறங்கிவிடுமாம், ஒட்ட மாட்டார். மாட்யூலின் ஓட்டைகளைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு, தூறலில், முன்வாசல் ஆபீசுக்கு நடந்தார். அந்தப் பெரிய குழி திறந்தே கிடந்தது.

மாதக்கா பேக்கிங் அட்டைக் கழிவைப் பெரிய மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, ரெண்டு கையாலும் பிடித்தபடி அந்த வழியாக வந்தாள். தினமும் நடக்கிற வழி. தலையில் சுமை இருந்தால் காலடி தெரியாது. சத்தம் கேட்டு நான் ஓடுவதற்குள் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். பின்மண்டை பலகை விளிம்பில் பட்டிருந்தது, தூக்கும்போதே உயிர் இல்லை. மழைத் தண்ணீரில் அட்டைகள் மிதந்தன. அவர் ஆபீஸ் பக்கமிருந்து மாட்யூலோடு வந்துகொண்டிருந்தார். அதற்கு மூடி போட்டிருந்தது.

அந்த மாட்யூல் ஏற்கனவே செத்துப் போனது. அப்புறம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து எங்களை ட்ரெயினிங் ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். டிஸ்பாட்ச் ஆட்கள், எடைமேடை ஆபரேட்டர், அவர். பெர்சனல் ஆபீசரும் கான்ட்ராக்ட் சூப்பர்வைசரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். குழி மூடித்தான் இருந்தது, பழைய பலகை, அவள் மிதித்ததும் சாய்ந்துவிட்டது என்று சூப்பர்வைசர் சொன்னான். அதோடு விட்டிருக்கலாம். அவள் குடித்திருந்தாள், வாடை வந்தது, தள்ளாடித்தான் நடந்தாள் என்றும் சொன்னான். மகள் சடங்குச் சாப்பாட்டில் வெற்றிலை போட்டால்கூடத் தலை சுற்றுகிறது என்று துப்பியவள் அவள். நான் வாயைத் திறந்தேன். ஷெட் இன்சார்ஜ் என் கையைப் பிடித்து அழுத்தினார். ஆபரேட்டர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்த ஒரே சாட்சி அவன்தான், அவன் பிழைப்பும் அங்கேதான்.

ஆபீசர் அவரைப் பார்த்து நயமாகத்தான் பேசினார். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும், உங்கள் பேர் எங்கேயும் வராது என்றார். "இத இத்தோட மூடிடலாம் சார்" என்றார்.

வாழ்நாள் முழுக்க மூடியவர். கரப்பான் மிதந்த அண்டாவையே மூடியவர். மூடிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன், நினைத்து அந்த நிமிஷமே அவரை வெறுத்தும்விட்டேன். அவர் எழுந்து நின்றார். கை நெஞ்சுக்குப் போய் இல்லாத பையைத் தடவிவிட்டு இறங்கியது.

"இல்லீங்க. பலகை சாயல. நான்தான் தெறந்து போட்டுட்டுப் போனேன். அந்தம்மா குடிக்கல."

அதிர்ச்சியில் உளறுகிறார், தண்ணீர் கொடுங்கள் என்றார் ஆபீசர். உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காராமல் அதையே திரும்பச் சொன்னார். குரல் உயரவில்லை, தூசியைப் பற்றிச் சொல்வாரே, அதே குரல். மறுநாள் காலை கேட்டில் செக்யூரிட்டி அவர் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விடவில்லை. வெளியே போன கதை மட்டும் மாறவில்லை. குடித்துவிட்டு விழுந்து செத்தாள் என்ற சொல், உடம்பு வீட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே சானமாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அதற்கப்புறம் பல வருஷம் கழித்து அவரைக் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஒரே ஒரு முறை பார்த்தேன். மனைவியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடித்துவிட்டு பாட்டிலைத் திறந்தபடியே பக்கத்தில் வைத்தார். அவர் மனைவி அதை எடுத்து மூடினாள். நான் கிட்டே போகவில்லை. போய் என்ன பேசுவது?

ஆனால் சொல்ல வேண்டியது அது இல்லை. வேலை போன மறுநாள் சாயங்காலம் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பழைய சட்டை போட்டிருந்தார். என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. மாதக்கா வீடு உங்களுக்குத் தெரியுமாமே மேடம், கூட வர முடியுமா என்று கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஊர்க்காரர்கள் அடித்தாலும் அடிப்பார்கள் என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினார். திரும்பிப் போகும்போது எங்கள் கேட்டைச் சாத்திக் கொக்கியும் போட்டுவிட்டுத்தான் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டை பஸ்ஸில் போய் இறங்கி நடந்தோம். சிமெண்ட் ஷீட் போட்ட வீடு, வாசலில் ராகி காய்ந்துகொண்டிருந்தது. மாதக்காவின் புருஷன் ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டுகிற வேலைக்காரர், கையெல்லாம் முள் கீறிய தழும்பு. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு கட்டிலில் உட்காரச் சொன்னார். பொண்ணு வெளியே வரவில்லை. ஊரில் எல்லோரும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள், தண்ணிக்குக்கூட அவள் போவதில்லை, அவ அம்மா குடிச்சாள்னு சொல்லிட்டானுங்க மேடம் என்றார். செத்ததைவிட அதுதான் அவரை அதிகம் வதைத்தது என்று எனக்குத் தோன்றியது. ஆனை வர்ற வழியில பாத்துப் பாத்து நடந்தவ, எப்படி விழுந்தான்னே எனக்கு வெளங்கல என்றார்.

இவர் கட்டிலில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"அந்தம்மா குடிக்கலீங்க. குழி தெறந்து கெடந்துச்சு. தெறந்தது நான்தான்."

அப்ப குடிக்கல என்று அந்த மனிதர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்துத் தெலுங்கில் மகளைக் கூப்பிட்டார். அவள் வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். இன்னொரு வாட்டி சொல்லுங்க சாமி, இவ காதுல விழட்டும் என்றார். இவர் அவளைப் பார்த்து இன்னொரு முறை சொன்னார். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

அப்புறம்தான் மாதக்காவின் புருஷன் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"தெறந்துட்டு எங்க சாமி போனீங்க?"

"மூடி எடுக்கப் போனேங்க."

கேட்டவர் முகத்தில் இருந்த இறுக்கம் அப்படியே தளர்ந்தது. மூடத்தானே போனீங்க என்றார். குழிக்கு மூடி எடுக்கப் போன நேரத்தில் இவள் வந்துவிட்டாள், அவள் விதி, இதில் உங்கள் மேல் என்ன இருக்கிறது என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளைக் காப்பி போடச் சொன்னார்.

எனக்கு உயிர் வந்தது. மாதக்கா புருஷனுக்கு அந்த வார்த்தை அப்படித்தான் கேட்டிருக்கிறது, அப்படியே இருக்கட்டும். ஒரு பொய்யும் யாரும் சொல்லவில்லை. அவளுக்குக் கெட்ட பேர் போய்விட்டது, இவருக்கும் ஒரு வழி கிடைத்துவிட்டது. இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். பஸ் போய்விடும் சார், கிளம்பலாம் என்று நான் எழுந்தே விட்டேன். ஊரில் உள்ளதையெல்லாம் மூடுகிற மனுஷா, இதை மட்டும் மூடு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"இல்லீங்க" என்றார் இவர். "குழிக்கு மூடி இல்லீங்க."

சட்டைப் பையில் கையை விட்டார். அன்றைக்குப் பையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த முள் கீறிய கையை நீட்டச் சொல்லி, உள்ளங்கையில் வைத்தார். இதற்குத்தான் போனேன் என்றார்.

மாதக்காவின் புருஷன் அதைப் பார்த்தார். விரலால் புரட்டிப் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். மகள் பக்கம் நீட்டிக் காட்டினார். பிறகு இவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"இதுக்கா?"

"ஆமாங்க."

அடி விழும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்திருந்தால் தேவலை. அந்த மனிதர் இவருடைய கையைப் பிடித்து விரித்து, மூடியைத் திரும்ப அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

"வெச்சுக்குங்க சாமி" என்றார். "தொலஞ்சிடப் போவுது."